விசிறி இல்லாத கார்டு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏதாவது ஒன்று சத்தம் போட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. மிக்சி, தண்ணீர் மோட்டார், அடுத்த வீட்டுக் கதவு எதையும் விட்டதில்லை. "ஊர்ச் சத்தத்தையெல்லாம் காதுல வாங்கிக் கட்டிக்கிட்டு எங்கனதான் கொண்டுபோயி வைக்கப் போறியோ" என்று அம்மா அலுத்துக்கொள்வார். 2007 வாக்கில் இந்தப் பழக்கத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

அப்போது நான் இராமநாதபுரத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். வீடு உச்சிப்புளியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். வெளி வேலை எடுத்துச் செய்யலாமே என்று ஒரு கம்ப்யூட்டரை வீட்டிலும் வாங்கி, மிளகாய் மூட்டை அடுக்கும் அறையில் வைத்திருந்தேன். வேறு அறை கிடையாது. கம்ப்யூட்டரும் நானும் சேர்ந்து நெடி தாங்கப் பழகினோம்.

என் தம்பிக்குப் பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகும் படிப்பேன் என்று அடம்பிடித்து, மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கி வரலாறு படித்துக்கொண்டிருந்தான். அய்யாவுக்கு அது பிடிக்கவில்லை. "பஸ்ஸும் லாரியும் போற ஊருல இவன் எப்பிடித் தனியா நடப்பான்? நான் ஒரு வாய்ச் சோறு போட மாட்டனா? வீட்டுல ஒரு மூலையில உக்காந்திருக்கட்டும்" என்றார். அந்த 'மூலை' என்ற சொல் தம்பிக்குப் பொறுக்கவில்லை. அவனும் ஏதோ பதிலுக்குச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். அதிலிருந்து அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து போன் வந்தால், அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

தம்பி ஒரு தாளில் தவறிப்போனான். நில வரி, ஜமீன், குடியானவர் பற்றிய தாள். வாசித்துக் காட்ட ஆள் கிடைக்காமல் பாதிப் பாடம்தான் கேட்டிருந்தான். மறுபடி எழுதக் கட்டணம் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா ஊருக்கே வந்துர்றேன்க்கா. அய்யா ஒதுக்கிவச்ச மூலை காலியாத்தான கெடக்கு."

அவன் விளையாட்டுக்குச் சொல்லுகிறவன் இல்லை. புத்தகத்தை நானே வாசித்துப் பதிவு செய்து, சிடியில் போட்டு அனுப்புகிறேன் என்றேன். பாடங்களைக் கல்லூரியிலேயே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்காருவேன். ஒரே திரையில் பாடமும் வேண்டும், பதிவாகிற குரல் அலையும் தெரிய வேண்டும். மாற்றி மாற்றி மவுசைத் தட்டினால் 'டிக் டிக்' என்று அதுவும் பாடத்தில் ஏறியது. இரண்டு மானிட்டர் வைத்தால் இந்தத் தட்டல் இருக்காது என்று தோன்றியது. இராமநாதபுரத்தில் மூடிக்கொண்டிருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய டப்பா மானிட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு மானிட்டருக்குத்தான் வழி இருந்தது. இரண்டாவதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்றார்கள். கடையில் இருந்ததிலேயே சின்னதாக ஒன்றைப் பார்த்து வாங்கிப் போட்டேன். சின்னது சத்தம் போடாது என்பது என் கணக்கு.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. மவுஸ் சத்தம் ஒழிந்தது. அதற்குப் பதில், ஹெட்போன் அடைத்த என் காதுக்கு எட்டாத ஒன்று பதிவில் ஏறி, தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பாடத்துக்குள்ள ஒரு வண்டு பறந்துக்கிட்டே இருக்குக்கா. கொஞ்ச நேரம் கேட்டாலே மண்டையக் கொடையுது. ஹெட்போனக் கழட்டி வச்சுர்றேன்."

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊர்த் தலைக்கு மேல்தான் உச்சிப்புளிக் கடற்படை விமானங்கள் போய் வரும். அதற்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அது வரும், போய்விடும். இந்த வண்டு போகிற வண்டு இல்லை.

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மூன்று விசிறிகள் சுற்றின. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, ஒவ்வொரு விசிறியின் நடுவிலும் மெல்ல வைத்து ஒரு கணம் நிறுத்திப் பார்த்தேன். பெட்டிக்குக் காற்று வாங்கும் பெரிய விசிறியை நிறுத்தினேன், வண்டு நிற்கவில்லை. நடுவில் இருந்ததை நிறுத்தினேன், அப்போதும் நிற்கவில்லை. புதுக் கார்டின் மேல் ஒட்டியிருந்த, எலுமிச்சம்பழ அளவு விசிறியில் வைத்ததும் அறையே சட்டென்று அமைதியானது. கள்ளனைப் பிடித்த சந்தோஷம் எனக்கு. சின்ன விசிறி என்பதால்தான் அத்தனை வேகமாகச் சுற்றுகிறது, அதனால்தான் கத்துகிறது என்று அப்புறம்தான் விளங்கியது. என் கணக்கு அப்படியே தலைகீழ்.

அடுத்து நான் செய்ததை எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். உப்புக் காற்று அடிக்கிற ஊர் இது. பூட்டு, கீல், சைக்கிள் செயின், தையல் மெசின் எது முனகினாலும் முதலில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்தான். அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார். "பூட்டு என்னா, விசிறி என்னா? ரெண்டும் இரும்புதான? விட்டுப் பாரு." கோழி இறகைத் தோய்த்து விசிறியின் அச்சில் விட்டேன். என்ன அருமை! சத்தம் அடங்கிவிட்டது. இரண்டு பாடங்களை மளமளவென்று முடித்தேன். அதற்குப் பிறகு மிளகாய்த் தூசியும் உப்பீரமும் எண்ணெயில் ஒட்டி அரைத்த மசால் மாதிரி ஆகி, வண்டு இருந்த இடத்தில் ஒரு மாவு மில் ஓட ஆரம்பித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ண பத்தலையோ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன்.

மறுநாள் கடைக்காரரிடம் போய், "சத்தமே போடாத கார்டு வேணும்ணே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எல்லாரும் கேம் ஓடுமா, படம் நல்லா ஓடுமான்னு கேப்பாக. நீங்க சத்தத்தக் கேக்குறீக?"

"தேங்காயத் தட்டிப் பாத்துத்தானண்ணே வாங்குறோம்?"

மூன்று கார்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டச் சொல்லி, காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டேன். வாசலில் ஜெனரேட்டர் உறுமியது; பஸ்காரன் ஏர் ஹாரன் அடித்தான். ஒன்றும் கேட்கவில்லை. கடையின் உள் அறைக்குள் வைத்துக் கேட்டே ஆவேன் என்று நின்றேன். அவர் நல்ல மனிதர், தலையில் அடித்துக்கொண்டே தூக்கி வந்தார். உள்ளே மூன்றும் மூன்று விதமாகக் கேட்டன. ஒன்று விசில் அடித்தது. ஒன்று இரைத்தது. பெரிய விசிறி இருந்தது மட்டும் மெல்ல முனகியதோடு சரி, ஆனால் அது என் பெட்டிக்குள் நுழையாத நீளம்.

"விசிறியே இல்லாம ஒன்னு வருமாண்ணே?" என்று கேட்டேன். அது அசட்டுக் கேள்வி என்றுதான் நினைத்தேன்.

அவர் யோசித்தார். "இருக்கு. விசிறிக்குப் பதிலா அலுமினியத் தகட்ட அடுக்கி வச்சிருப்பான். சூடு தானா எறங்கும். ஆனா பழசு, யாரும் வாங்குறதில்ல. கேம் ஒன்னும் ஓடாது."

"எனக்கு வரி வசூல் ஓடுனாப் போதும்."

அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் மதுரைக்குச் சொல்லி வரவழைத்தார். ஒன்றே ஒன்று எச்சரித்தார்: காற்று நடமாட வேண்டும், மூடி வைக்கக் கூடாது. உப்புக் காற்றுக்குப் பயந்து அம்மா பெட்டிக்குப் போர்த்தி வைத்திருந்த பழைய சேலையை அன்றே உருவினேன். கார்டைப் பொருத்தி, இரண்டு திரையும் எரிந்ததும் கொஞ்சம் பதிவு செய்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். என் மூச்சு கேட்டது. வேறொன்றும் இல்லை. சுற்றி இருந்த மிளகாய் மூட்டைகள் எதிரொலியையும் விழுங்கிவிட்டன. எனக்கு அப்படி ஒரு பெருமை. அன்றே ஒரு பாடம் வாசித்து, திருப்பிக்கூடக் கேட்காமல், மறுநாள் மதுரை போன ஓர் ஆளிடம் சிடியைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான்.

"வண்டு செத்துருச்சுக்கா. சுத்தமா இருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "ஒன்னு கேக்கட்டா? அய்யா எதுக்கு அந்த ரூமுக்குள்ள வந்து வெத்தல போடுறாக?"

"அய்யாவா? அவுக ஏன்டா அங்கன வாராக? நான் மட்டுந்தான் இருந்தேன்."

"வெத்தலப் பெட்டி மூடிச் சத்தம் எனக்குத் தெரியாதாக்கா?"

நான் நம்பவில்லை. போனை வைத்துவிட்டு அந்தப் பாடத்தைப் போட்டுக் கேட்டேன். ஜமீன் கிஸ்தி பற்றி நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால், தூரத்தில், தகர மூடி 'டக்' என்று திறக்கிறது. சுண்ணாம்பு தடவும் நேரம் கழித்து, மறுபடி 'டக்'. பாடம் முடிகிற இடத்தில் ஒரு தொண்டைச் செருமல், எழுந்து போகிற காலடி. கதவுக்கு முதுகு காட்டி, காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. பழைய பதிவுகளையும் கேட்டுப் பார்த்தேன். வண்டுச் சத்தம்தான் இருந்தது. அதற்கு அடியில் அய்யா இருந்தாரா, எத்தனை நாளாக இருந்தார், தெரியவில்லை.

கேட்டுவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. கேட்டால் மறுபடி வரமாட்டார் என்றும் தெரியும். அதனால் அடுத்த பாடத்துக்குப் பாடத்தையும் அலையையும் ஒரே திரையில் நெருக்கி வைத்துவிட்டு, இரண்டாவது மானிட்டரை அணைத்தேன். டப்பா மானிட்டரின் கறுப்புக் கண்ணாடியில் கதவு நன்றாகத் தெரிந்தது. நான் வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அய்யா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். ஒரு மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் குரல் தடுமாறியது. தடுமாறியதை மறைக்க வேகமாக வாசித்தேன்.

"ஏத்தா."

நான் நிறுத்தினேன். திரும்பவில்லை.

"வெளஞ்சாலும் வெளையாட்டியும் வரி கட்டணும்னு வந்துச்சுல்ல, அந்த எடத்தத் திருப்பி வாசி. ரொம்ப வெரசாப் போயிட்ட. அவனுக்கு வெளங்காது."

மெதுவாக மறுபடி வாசித்தேன். வழக்கமாக இருமலையும் தும்மலையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் சிடி போடுவேன். அன்று எதையும் வெட்டவில்லை.

தம்பி பின்னால் அந்தத் தாளில் தேறினான்; அது வேறு சந்தோஷம். அதற்கு முன்பே, அந்த சிடி கிடைத்த அன்று, ஞாயிறுகூட இல்லை, போன் வந்தது. நான் எடுத்தேன். அவன் என்னை நலம் விசாரிக்கவில்லை.

"அய்யாட்டக் குடுக்கா."

அய்யா கொல்லைப் பக்கம் போகத் துண்டை எடுத்திருந்தார். அந்தத் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினார். அப்புறம் அய்யா, பக்கத்து வயலுக்குக் கேட்கிற குரலில் கேட்டார்:

"ஏலே, இப்ப வெளங்குச்சா?"