மாஷி பேசிய பேச்சு

என் மகள் பத்மாவுக்கு அறிவு வளர்ச்சி சற்றுக் குறைவு. இரண்டு வருடங்களுக்கு முன் அவளும் அவளைப் போன்ற இரண்டு தோழிகளும், உதவிக்கு ஒரு பெண்ணோடு, கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். மேல்வீட்டு வங்காளி அம்மாளைப் பத்மா, பெரியம்மா என்ற பொருளில், ‘மாஷி’ என்று கூப்பிடுவாள். மாலையில் அவர் வீட்டில்தான் டீ. “கவலைப்படாதீங்க, இவ எனக்கும் பொண்ணுதான்” என்று அவர் வங்காள மொழியில் சொன்னதை நம்பித்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சென்ற துர்கா பூஜைக்கு முன் நடந்த குடியிருப்போர் கூட்டத்துக்குப் பெண்கள் சார்பில் நான் போயிருந்தேன். இந்தப் பெண்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவர் அதே மாஷி.

“பாவம்தான். ஆனா என் பேத்திங்க வந்து போற இடம். பயமா இருக்கு.”

“நேத்துகூட உங்க வீட்டுலதானே டீ குடிச்சா? அப்ப பயமா இல்லையா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

வீட்டுக்காரர் மறுத்துவிட்டதால் வீடு தப்பியது. ஆனால் மாஷி அதன்பின் பத்மாவுக்குக் கதவைத் திறக்கவில்லை. “நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?” என்று அவள் கேட்டாள்.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு நான் தனியாகப் போவதில்லை. மூன்று பெண்களையும் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அவர்களைப் பற்றிச் சொல்வதை அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லட்டும்.