வளைவு வேம்பின் மாம்பழச் சிட்டு

ஞாயிறு பூசைக்காக முதல்நாளே மன்னாருக்கு வந்திருந்த நான், பூசை முடிந்து சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். முருங்கனிலிருந்து காலை ரயிலில் வந்த நெல் வியாபாரி ஒருவர் என்னைக் கண்டு நின்றார். "மாஸ்டர், மஜீது ஓவசியர் ராத்திரி மௌத்தாப் போயிட்டார். உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ?" மீனைப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஓடி என்ன பயன்? நான் போய்ச் சேருவதற்குள் அடக்கிவிட்டார்கள்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய குடையும் கோபமும் நினைவிருக்கும். ரோட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அல்லவா, வேலைக்காரர் அவரைக் கண்டால் பீடியை ஒளிப்பார்கள். அந்த மனுஷர் ஒரு குருவிக்காக நடுரோட்டில் நின்று சீட்டியடிப்பார் என்றால் பாதிப்பேர் நம்பமாட்டீர்கள். முருங்கன் ரயில் ஸ்டேஷனுக்கு நான் மாஸ்டராக மாற்றலாகி வந்த புதிதில் அப்படித்தான் அவரைக் கண்டேன். நீளமாக இழுத்து, முடிவில் சட்டென்று இறக்கினார். ரோட்டு வளைவில் நின்ற வேம்புக்குள்ளிருந்து அதே சீட்டி திரும்பி வந்தது. "கேட்டீங்களோ மாஸ்டர்? நான் ஏசாமல் கதைக்கிற ஆள் இவன் ஒருத்தன்தான்" என்றார்.

அது மாம்பழச் சிட்டு. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆணுக்கு வயிறெல்லாம் மஞ்சள், கறுத்த சிறகில் இரண்டு வெள்ளைக் கோடு. பெண் இலைப்பச்சை, அசையாவிட்டால் தெரியாது. நிலத்துக்கு இறங்குவது அருமை. இலைகளுக்கு அடியில் மயிர்க்கொட்டிப் புழு தேடியபடி சோடியாகத் திரியும். பெண்ணை மயக்க ஆண் மேலே எம்பி, இறகெல்லாம் உப்பி, பஞ்சுருண்டை மாதிரிச் சுழன்று இறங்கும். அதைப் பார்க்கும்போது ஓவசியர் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். வேறெதற்கும் அவர் சிரித்து நான் கண்டதில்லை.

பிறகு ரோட்டை அகலமாக்க உத்தரவு வந்தது. இரண்டு பக்கமும் காடு விழுந்தது. விழுத்தியவரும் அவர்தான், அதுதானே அவருடைய உத்தியோகம். வளைவு வேம்பை மட்டும் விட்டார். வேலையைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரை, அது ஏன் நிற்கிறது என்று குதிரையிலிருந்து இறங்காமலே கத்தினார். "கூலியாக்களுக்கு நிழல் வேணும், துரை" என்று ஓவசியர் சாதித்துவிட்டார். காட்டை இழந்த சிட்டுகளில் ஒரு சோடி அந்த மரத்தில் தங்கிற்று. "மிச்சமெல்லாம் என்ர கையால போனது. இதாவது நிக்கட்டும்" என்றார் என்னிடம்.

கடைசிக் காய்ச்சலில் அவர் படுத்திருந்தபோது அந்தச் சோடி வேம்பில் கூடு கட்டியது. நான் தினமும் போய்ப் பார்த்துவந்து சொல்லுவேன். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாப்பதைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "குஞ்சு பொரிச்ச உடன வாங்கோ மாஸ்டர். நான் நித்திரை எண்டாலும் எழுப்பிச் சொல்லுங்கோ." நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

அன்று ஸ்டேஷனிலிருந்து நேரே அவரை அடக்கிய மையவாடிக்குப் போனேன். கப்றின் தலைமாட்டில் பச்சைக் கொப்பு நடுவது அவர்கள் வழக்கம். அது வாடும்வரை அடங்கியவருக்கு ஆறுதல் என்பார்கள். செழித்த வேப்பங்கொப்பு ஒன்று நின்றது. அவருடைய மருமகன் என் கையைப் பிடித்து அழுதான். "மாமா உசிராக் காத்த மரம், மாஸ்டர். ஏறிப்போய் அதிலையே நல்ல கொப்பாப் பார்த்து வெட்டினோம்." கொப்பு கவராகப் பிரியும் இடத்தில், சிலந்தி நூலால் ஒட்டிய சின்னக் கூடு சரிந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. முட்டைகள் வழியில் எங்கோ விழுந்திருக்கும். "நல்ல கொப்பு, தம்பி" என்றேன்.

இதை வாசித்தால் அந்தப் பிள்ளை நோகவேண்டாம். அவன் அன்பினால் வெட்டினான். ஆனால் எனக்கு ஆறவில்லை. ஒரு மனுஷன் துரையோடு மல்லுக்கட்டிக் காத்ததை, அவரைக் கண்ணீரோடு அடக்கியவர்களே அழித்தார்கள் என்றால், இந்த உலகத்தில் எதைக் காத்து என்ன?

வெள்ளாங்குளத்துக் காட்டில் மாம்பழச் சிட்டு இன்னும் நிறைய என்கிறார்கள். இருக்கட்டும். அவை அவரை அறியாதவை. வளைவைக் கடக்கும்போது, அவர் செய்ததுபோல நீளமாக இழுத்து, முடிவில் இறக்கிச் சீட்டியடிக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டிதான். வேம்பு பேசாமல் நிற்கிறது.