சமச்சீர் இல்லை என்று எழுதினேன்

என் பிஎச்.டி. கைடை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் பஸ்ஸில் பல்கலைக்கழகம் போய், சூப்பர்சிமெட்ரி உள்ள வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சோதனை இதுதான்: சமன்பாட்டுக்கு அதைவிட உயர்ந்த வரிசையில் ஒரு சமச்சீர், அதாவது சிமெட்ரி, கிடைத்தால், அதை முழுதாகத் தீர்க்க வழி உண்டு என்று பெரும்பாலும் நம்பலாம். இதில் வரும் மாறிகளில் ஒரு வகை மகா தொல்லை. அவற்றில் இரண்டை இடம் மாற்றினால் ஒரு மைனஸ் முளைக்கும். பக்கம் பக்கமாகப் போகும் கணக்கில் அதைக் கோட்டைவிட்டால் எல்லாம் பாழ்.

கோட்டைவிட்டவர் என் கைடு. ஒரு சமன்பாட்டுக்குச் சமச்சீரே கிடையாது என்று கருத்தரங்குகளில் பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அதே கணக்கை நான் மூன்று முறை போட்டேன். அவர் விட்ட மைனஸைச் சேர்த்ததும் ஏழாம் வரிசையில் சமச்சீர் வந்து நின்றது. நோட்டோடு ஓடினேன். அவசரத்தில் "இருக்கு சார்" என்பதற்குப் பதில், வீட்டில் பேசுகிற மாதிரி "கீது சார்" என்று வாய் தவறிவிட்டது. மனுஷன் நோட்டைத் திறக்கவே இல்லை. அந்தக் "கீது"வைத் துறை முழுக்கச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். மறுநாள் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் சொன்ன ரிசல்ட்டையே தீசிஸ்ல நாலாவது அத்தியாயத்துல எழுதும்மா. இல்லன்னா கையெழுத்து கிடைக்காது."

அம்மா ராயபுரத்தில் மீன் விற்பவள். கணக்கு புரியாது, விஷயம் புரிந்தது.

"நீ போட்டது கரெக்டு தானேடி? அப்பால இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?"

எரிந்து விழுந்தேன். ஐந்து வருஷ உழைப்பு, பட்டம் வந்தால்தான் வேலை, உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன்.

எழுதினேன். சமச்சீர் இல்லை என்று, என் கையால், நாற்பது பக்கம். பட்டம் வந்தது, ஒரு கல்லூரியில் வேலையும் வந்தது.

சில வருஷம் கழித்து அவருடைய புதுக் கட்டுரை ஒன்று கல்லூரிக்கு வந்த இதழில் கண்ணில் பட்டது. யாரோ கணக்கைக் கணினியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் வரிசைச் சமச்சீர், நான் கண்ட அதே கெழுக்கள். கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பு வரை படித்தேன். இந்தச் சமச்சீர் இல்லை என்று முந்தைய ஆய்வேடு ஒன்று கூறியது பிழை, ஒரு மைனஸ் குறி விடுபட்டிருக்கிறது என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்.

பொய் என்று யாரிடம் போய்ச் சொல்வது? எழுதியது நான்தானே.