கார் இல்லாத லண்டன் மாப்பிள்ளை

என் பேத்தி திவ்யாவுக்கு வந்திருக்கும் வரன் லண்டனில் வேலை பார்க்கிறான். இன்று நானும் திவ்யாவும் பையனின் அம்மாவை இங்கே நியூஜெர்சியில், ஐசலின் ஊர் ஓட்டல் ஒன்றில் சந்தித்தோம். எல்லாம் பொருந்தியது. ஆனால் பையனிடம் கார் இல்லையாம்!

"அங்க எதுக்கும்மா கார்? எங்க போனாலும் பூமிக்கடியில ரயில் இருக்கு. புதுசா போட்ட லைன்ல வர்ற ரயில் அவன் ஆபீஸ் வாசல்லயே நிக்குது" என்று பையனின் அம்மா ரயில் பாதைப் படத்தை விரித்தார். சிக்கு விழுந்த கலர் நூல் மாதிரி இருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் நியூஜெர்சியில் பால் வாங்கவே கார் வேண்டும்.

"கார் வாங்க முடியலையா, இல்ல லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களா?" என்று கேட்டே விட்டேன்.

அந்தம்மா தோசையிலிருந்து கையை எடுத்தார். "ஏன், உங்க பேத்தி நல்லா ஓட்டுவாளா?"

என் பேத்தி படிப்பில் புலி. டிரைவிங் டெஸ்டில் மட்டும் போகும்போதெல்லாம் ஃபெயில். அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

நான் சாம்பாரைக் கலக்கினேன். திவ்யா படத்தைத் தன் பக்கம் இழுத்து, "விச் ஸ்டேஷன் இஸ் ஹிஸ், ஆன்ட்டி?" என்றாள்.

வீடு வரும்வரை அவள் அந்தப் படத்தை மடிக்கவில்லை.

லண்டனில் பெண் கொடுத்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். அந்த ரயில் நிஜமாகவே எல்லா இடத்துக்கும் போகிறதா?