பொருந்திய ரத்தம்

தங்கைக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கத் தன்னால் முடியும் என்று தெரிந்த அன்று பரமசிவம் பட்டறை முழுக்க ஜிலேபி கொடுத்தான். மராட்டி ஊரான சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் கடையும் பட்டறை அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே மெஷின் ஓட்டுகிறான். இதற்கு முன் அவன் இனிப்பு கொடுத்தது மகள் ஹரிணி பிறந்தபோது மட்டும்தான்.

தங்கை தமிழரசி அவனைவிட ஐந்து வயது சின்னவள். விஷ்ராந்த்வாடியில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் 'தாயி', மராட்டியில் அக்கா. பிப்ரவரியில் பஸ் படி ஏறவே மூச்சு வாங்கியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்தால் மட்டும் தீராது, வேறொருவர் மஜ்ஜை வேண்டும், கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்றும் சொன்னார்கள். அவளுக்கு இருந்ததே ஒரே அண்ணன். அவனுக்குப் பத்துக்குப் பத்து பொருந்தியது.

அன்றோடு புகையிலையை விட்டான். காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் பீட்ரூட். "நீ ஆஸ்பத்திரிக்கா போற, குஸ்திக்குப் போற மாதிரி இல்ல இருக்குது" என்று தமிழரசி போனில் சிரித்தாள்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? அப்பாவுக்கு வந்தது என்றான் பரமசிவம். அப்பா சுந்தரமூர்த்தி பஸ்களுக்கு பாடி கட்டும் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடித்தவர். நாற்பத்திமூன்று வயதில் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துப் போனார். பெயிண்ட் வாடைதான் அவரைக் கொன்றது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். அண்ணன் தங்கை இருவருக்கும் இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் இல்லை. பரம்பரை நோய்களைப் பற்றி விளக்கிச் சொல்வதற்கென்றே இருக்கும் ஒரு மராட்டிப் பெண்மணி. இந்தியில் மெதுவாகப் பேசினாள்.

"மஜ்ஜைக்குள்ளே தாய் செல் என்று இருக்கிறது. அதிலிருந்துதான் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் வருகின்றன. எது எதுவாக ஆகவேண்டும் என்று உத்தரவு போடச் சில ஜீன்கள் உண்டு. மற்ற ஜீன்களை அவைதான் எழுப்பும், தூங்க வைக்கும். அதில் ஒன்றுக்குப் பெயர் ரன்எக்ஸ்-ஒன். எல்லோருக்கும் அது இரண்டு பிரதி இருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்கள் தங்கைக்கு அதில் ஒன்று பிறவியிலேயே பழுது."

"இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"பாதி உத்தரவுதான் போகும். செல்கள் சரியாக முதிராது. பிளேட்லெட் குறைவாகவே இருக்கும். பல வருஷம் வேறு தொந்தரவு தெரியாது. நடுவில் வேறொரு ஜீனிலும் பிசகு வந்தால், முதிராத செல்லாகவே பெருகிக்கொண்டு போகும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. உங்கள் தங்கைக்கு ஆகிவிட்டது." இன்னொரு ரிப்போர்ட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "உங்களுக்கும் அதே பழுது இருக்கிறது, பாயி சாப். உங்கள் மஜ்ஜையை அவருக்கு வைக்க முடியாது."

பரமசிவம் முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. "எல்லாம் பொருந்துதுன்னு சொன்னீங்களே" என்றான். இரண்டு முறை சொன்னான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியது, காய்ச்சல் போன பிறகும் ஏறவே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை. அது இப்போதுதான் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் அம்மா பவுன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறைக்க நினைத்துத்தான் போனான், முடியவில்லை.

"பெயிண்ட் இல்லியாம்மா. அப்பா ரத்தத்துலயே இருந்துதாம். எங்க ரெண்டு பேருக்கும் வந்துட்டுதாம்."

பவுன் ஆய்ந்த கீரையை ஓரமாகத் தள்ளினாள். "அந்த வேலைய விடு விடுன்னு அந்த மனுசனோட எம்மா சண்ட போட்டேன்" என்றாள். "கடைசி ஒரு வருசம் மொகம் குடுத்துப் பேசல நானு. இத்தினி வருசம் அந்தக் கம்பெனிக்கு சாபம் வுட்டுக்கினு இருந்தேனே, இப்ப யாருக்கு வுடறது?"

தமிழரசியிடம் சொல்லப் போனபோது அவள் மொட்டைத் தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"அப்ப உனுக்கும் இருக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கறேன்."

"நானும் ஜனவரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்." அவன் கையைப் பிடித்தாள். "ஹரிணிக்குப் பாத்தியா?"

"அவ கொழந்த."

"முட்டை துண்ணதெல்லாம் வீணா பூட்டுதேண்ணா" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அவள் அழுததை அவன் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மஜ்ஜை கொடுக்கப் பெயர் கொடுத்திருந்த வெளி ஆட்களின் பட்டியலில் தேடினார்கள். யாரும் பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது அவள் மகள் சோனியா, பத்தொன்பது வயது. பிள்ளைகள் பாதிதான் பொருந்துவார்கள். பழுது வந்திருக்கவும் பாதி வாய்ப்பு உண்டு. சோனியாவுக்கு வரவில்லை. ஜூனில் அவள் செல்களை எடுத்து அம்மாவுக்கு ஏற்றினார்கள்.

அவை அவள் உடம்பில் பிடித்தன. பதினெட்டாம் நாள் வெள்ளையணு ஏறத் தொடங்கியது. துரைசாமி, தமிழரசியின் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லோருக்கும் போன் பண்ணினார். முப்பதாம் நாள் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று. நாற்பத்தியோராம் நாள், ஓயாத மழையில், தமிழரசி போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று சோனியா அவனிடம் வந்தாள். தமிழும் இந்தியும் கலந்துதான் அவளுக்குப் பேச வரும். "மாமா, மேரா வாலா டீக் நஹி தா க்யா? என்னோடது சரியில்லியா? முழுசா பொருந்தல இல்ல. உங்களோடது மட்டும் குடுத்திருக்க முடிஞ்சா..."

"உன்னுது நல்லா வேல செஞ்சுதும்மா. நுரையீரல்தான் தாங்கல" என்றான். அது உண்மைதான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் விட்ட வாக்கியத்தின் மிச்சத்தை அவனே மனசுக்குள் தினமும் முடித்துப் பார்த்தான். மெஷினில் பித்தளைச் சீவல் சுருண்டு விழுவதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவான். சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டுவார்.

ஹரிணிக்கு டெஸ்ட் எடுக்கும் பேச்சை அவன் மனைவி வீட்டில் எடுக்கவே விடவில்லை. தெரிந்து என்ன செய்யப் போகிறோம், பெண் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொன்ன அந்தப் பெண்மணியும் அவசரமில்லை, பதினெட்டு ஆகட்டும், அவளே முடிவு செய்யட்டும் என்றுதான் சொல்லியிருந்தாள். பதினெட்டு முடிந்த வாரமே ஹரிணி அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ரிப்போர்ட்டையும் தானே வாங்கினாள்.

"பப்பா, இருக்கு" என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மம்மிக்கு நானே சொல்லிக்கறேன். ஆஜிக்கு வேண்டாம், பாட்டி தாங்க மாட்டாங்க."

இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை அப்பாவும் மகளும் ஒரே ஸ்கூட்டரில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். இதுவரை இருவர் பிளேட்லெட் எண்ணிக்கையும் குறைவாக, ஆனால் அப்படியே நிற்கிறது. மகளுக்குக் காலேஜ், அப்பாவுக்குப் பட்டறை என்று பவுனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். ரத்தம் எடுத்தபின் வாசலில் போஹா என்னும் அவல் உப்புமா சாப்பிடுவார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் சட்டென்று நிற்காது, பஞ்சை இருவரும் வெகுநேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதனால் ஒரு கையாலேயே சாப்பிடுவார்கள்.