போட்டோவுக்கு ஒரு ஜோடி

பேட்டையில் எங்கள் தெருவுக்கு, வெட்டிப்போட்ட செடிகொடிகளை அள்ள வருகிறவர் அவர். பெயர் தெரியாது. உள்ளங்கை முழுக்க வடுக்கள். தினமும் காலையில் தெருமுனையில் மேஸ்திரி செல்போனோடு நிற்பார். துப்புரவுத் தொழிலாளர்கள் எட்டுப் பேரும் ஒரே ஜோடி கையுறையை ஒருவர்பின் ஒருவராகப் போட்டு, ஆபீசுக்கு அனுப்பும் படத்துக்கு நிற்பார்கள். இவர் மட்டும் கழற்றுமுன் விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்ப்பார். பிறகு அது மேஸ்திரியின் பைக்குள் போய்விடும்.

ஒருநாள், செடிக் குப்பையோடு நான் போட்டிருந்த உடைந்த டியூப்லைட் அவர் கையைக் கிழித்துவிட்டது. வெட்கத்தில் புதுக் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

மறுவாரமும் வெறுங்கையால்தான் அள்ளிக்கொண்டிருந்தார்.

"கையுறை எங்க, அண்ணாச்சி?"

"மேஸ்திரி வாங்கி வச்சுக்கிட்டாரு சார். இப்ப ரெண்டு ஜோடி ஆயிட்டுல்லா, போட்டோ சீக்கிரம் முடிஞ்சிருது."

சொல்லிவிட்டு, துணி சுற்றிய கையைக் கூப்பி என்னைக் கும்பிட்டார்.