கழுவக் கூடாத கூண்டு

கோபம் வந்தால் பூமாரி கொண்டையை அவிழ்த்து முடிவாள். அன்று காலை கோழிக்கூண்டு வாசலில் நின்று அவிழ்த்து அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள். உள்ளே கோழிகள் சகதியில் காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்தன. அவள் புருஷன் அப்பாவு, கையில் ரப்பர் குழாயோடு, பரிசு வாங்க வந்தவன் மாதிரி நின்றான்.

“இன்னாய்யா பண்ணி வெச்சிக்கிற?”

“ஒரே கலீஜா கெடந்துச்சுமே. கயுவி உட்டேன். இப்ப பாரு, போட்டு டெக்கு கணக்கா கீது.”

காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் இருந்தான். மீனை இறக்கியதும் தண்ணீர் அடித்துப் படகைக் கழுவுவதுதான் அவனுக்குத் தெரிந்த சுத்தம்.

கூண்டில் கிடந்ததோ, பொங்கல் கழிந்ததிலிருந்து பூமாரி வளர்த்த மெத்தை. உமியும் மரத்தூளும் பரப்பி, எச்சம் விழ விழக் கிளறிவிட்டு, ஈரம் தட்டினால் மேலே புது உமி தூவி, அள்ளாமலே சேர்த்தது. கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும். நாற்றம் கிடையாது. இருக்கவும் கூடாது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி தங்கபுஷ்பம், நாற்றம் மேலே வந்தால் கூண்டு போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் கோழி வளர்க்க விட்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் நனைந்த மெத்தையிலிருந்து கண்ணை எரிக்கிற நாற்றம் மாடி ஏறிவிட்டது. தங்கபுஷ்பம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

“என்ன பூமாரி, கொடலப் பொரட்டுது! மாசக்கணக்கா அள்ளாமப் போட்டா நாறாம என்ன செய்யும்? பாவம், அந்த அண்ணனாவது காலையில கழுவிக்கிட்டு நின்னாவ. ஞாயித்துக்கெழம பாப்பேன். அப்பமும் நாறுச்சுன்னா கூண்டப் பிரிச்சிரணும், ஆமா.”

அப்பாவு பணிவாகத் தலையாட்டினான். அந்தத் தலையிலேயே சகதியைக் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது பூமாரிக்கு. வீட்டுக்காரி படி ஏறும்வரை பொறுத்திருந்து, மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள்.

“அள்ளு.”

“இடுப்பு வலிக்குதுமே.”

“கயுவ சொல்ல மட்டும் நல்லா இருந்துச்சா அந்த இடுப்பு? அள்ளுய்யா, பேஜாரு புடிச்சவனே!”

அள்ளினான். தரை காயும்வரை கோழிகள் சமையலறையில் குடியிருந்தன; அரிசி டப்பா மேலே ஏறி எச்சம் போட்டன, குழம்புச் சட்டியை உருட்டின. பூமாரி அவற்றையும் திட்டினாள், அவனையும் திட்டினாள். வெயிலில் புழல் தாண்டி அரிசி மில்லுக்குப் போய் உமி மூட்டை கொண்டுவந்தாள். பின்மூலையில் தண்ணீர் படாமல் தப்பியிருந்த பழைய மெத்தையைக் கொஞ்சம் எடுத்துப் புது உமியோடு கலந்து பரப்பினாள். இத்தனை மாத வேலையை மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த தங்கபுஷ்பம் கூண்டருகே குனிந்து மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும் உறிஞ்சினாள்.

“இப்பம் நாறல. இருந்துட்டுப் போட்டும். அண்ணன் கழுவி விட்டதுக்குப் பொறவு எவ்வளவு சுத்தமா இருக்கு, பாத்தியா?”

பூமாரி வாயைத் திறந்தாள். கூண்டு தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டாள். அப்பாவு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

வீட்டுக்காரி மேலே போனதும் பூமாரி கூண்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

“ரொம்பக் கை அரிச்சிச்சுன்னா, அந்தம்மா மாடிப் படி கீது பாரு, அத்த கயுவு. கோயி பக்கம் வந்த, சோறு கெடையாது.”